ஏழு சொல்லுக்கு ஒரு மூச்சு

வெள்ளவத்தை
2 ஜூன் 2025

பர்ஹா,

வாட்ஸப்பில் என்னை பிளாக் பண்ணிவிட்டாய். வைபரிலும் அதே கதை. நம் வகுப்பு ஜனாவின் போனிலிருந்து எடுத்தேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். ஆகவே நான் இந்தக் காலத்தில் தபால் கந்தோரில் ஓய்வூதியக்காரருடன் வரிசையில் நின்று முத்திரை வாங்கியிருக்கிறேன். அந்தப் பாவத்துக்காவது கடைசி வரி வரை வாசி.

இத்துடன் சம்மதப் படிவம் இருக்கிறது. விதி உனக்குத் தெரியும். தெரியாதவள்போல நடிப்பாய் என்பதால் எழுதிவைக்கிறேன். நாடகமும் பேச்சும் டிப்ளோமாவின் இரண்டாம் வருடத்தில் ஒவ்வொருவரும் உயிரோடிருக்கும் ஓர் ஆளை ஒரு மாதம் அவதானித்து, அந்த ஆளாகவே பத்து நிமிடம் மேடையில் நிற்க வேண்டும். அவதானிக்கப்பட்டவர் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். முன்னொரு வருடம் எவனோ புறக்கோட்டை வெங்காயக் கடை முதலாளியை நடித்து, அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லூரி வாசலுக்கு வந்து சத்தம் போட்ட நாளிலிருந்து இந்த விதி. கையெழுத்து இல்லையென்றால் புள்ளி இல்லை. புள்ளி இல்லையென்றால் டிப்ளோமா இல்லை. முதலே வாங்கியிருக்க வேண்டியது, பிறகு வாங்கலாம் என்றிருந்துவிட்டேன். பாலசுந்தரம் சேர் ஜூலை 31 வரை தவணை தந்திருக்கிறார்.

மே 24 அன்று கொட்டாஞ்சேனை மண்டபத்தில் நான் உன் உம்மாவாக நின்றேன். எண்பத்தாறு புள்ளி. நம் வகுப்பில் யாரும் எழுபதைத் தாண்டவில்லை. மண்டபமே சிரித்தது, கைதட்டியது. நீ மட்டும் பாதியில் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனாய். அந்தச் சத்தத்தில் என் ஒரு வசனம் கெட்டுப்போனது. பரவாயில்லை, மன்னித்துவிட்டேன்.

ஹபீலா அன்ரியை நான் கேலி செய்யவில்லை. அவரைக் கலையாக்கியிருக்கிறேன். இது உனக்கு விளங்கவில்லை என்றால் இரண்டு வருடம் கல்லூரியில் நீ என்ன படித்தாய் என்று எனக்கு விளங்கவில்லை.

செப்டெம்பரில் இங்கே ஒரு பாடசாலையில் பேச்சும் நாடகமும் படிப்பிக்கும் ரீச்சர் வேலை எனக்காக இருக்கிறது. டிப்ளோமாவைக் காட்டினால்தான் தருவார்கள். படிவத்தில் இரண்டு பெட்டி இருக்கிறது. மேல் பெட்டி "சம்மதம்", கீழ்ப் பெட்டி "சம்மதமில்லை". மேல் பெட்டியில் ஒரு சரி, அடியில் ஒரு கையெழுத்து. அரை நிமிட வேலை.

சுபோதினி


தெமட்டகொடை
9 ஜூன் 2025

மேடைத் தாரகை சுபோதினி அவர்களுக்கு,

தங்கள் திருமுகம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள் வந்து சேர்ந்தது. ஆறாம் மாடிக்கு, லிப்ட் பழுதான நாளில், தபால்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவந்து தந்தார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். உனக்கும்தான் கொடுத்தோம். இருபத்திரண்டு நாள்.

கணக்குப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. நீ தின்றதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் மார்ச் மாதம் நோன்பு நேரம் நீ எங்கள் வாசலில் வந்து நின்றது ஞாபகம் இருக்கிறதா? உம்மா கேட்டா: "என்ன மகள், என்ன விசயமா வந்த?" நீ சொன்னாய்: "சும்மா வந்தனான் அன்ரி. பர்ஹாவோட சேர்ந்து ஒத்திகை பார்க்க." நானும் நம்பினேன். உன் அவதானிப்புக்கு ஆள் யார் என்று நான் கேட்டபோது கோயிலடியில் பூ விற்கிற பொம்பிளை என்றாயே, அதையும் நம்பினேன். பூக்காரி எங்கே? மேடையில் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு வந்து நின்றது யார்?

நீ சொல்கிற கலையை நான் மூன்றாவது வரிசையில் இருந்து பார்த்தேன். ஜனாவின் சித்தி பக்கத்தில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. உம்மா கோப்பையைத் துடைக்கிற விதத்துக்குச் சிரிப்பு. ஆறாம் மாடி யன்னலால் கீழே மீன்காரனைக் கூப்பிடுகிற சத்தத்துக்குச் சிரிப்பு. அதற்குப் பிறகு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாயே: "மகள், கஞ்சி ஆறுது, நீயும் வந்து பக்கத்துல இரி." அதில் நிறுத்தினாய். வாய் திறந்தபடி. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு "சரியா?" என்றாய். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. அந்த இடத்தில்தான் எழும்பினேன். அங்கே இருந்த அத்தனை பேரும் என்ட உம்மா சோத்துக்குக் கூப்பிட்டதுக்குச் சிரித்தார்கள், சுபோ.

நீ உண்மையாக ஒரு ஆளை நடிக்கப் போகிறாய் என்றால் உன் வீட்டிலேயே ஆள் இருக்கிறாளே. ஓசியில் கஞ்சி குடித்துக்கொண்டு முந்தானைக்குள் போன் வைத்து ரெக்கோர்ட் பண்ணுகிறவள். நல்ல பாத்திரம். நூறு புள்ளி கிடைக்கும்.

படிவத்தை உம்மாவிடம் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டா. கையெழுத்து வைக்க மாட்டாவாம். அவ்வளவுதான்.

பர்ஹா


வெள்ளவத்தை
14 ஜூன் 2025

பர்ஹா,

கோபப்படுவது உனக்குச் சுகமாக இருக்கிறது. கோபப்படுகிற நேரத்தில் வேலை செய்யத் தேவையில்லை பார்.

உன் அவதானிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினொரு பேர் உள்ள வகுப்பில் ஏழு பேர் பஸ் கொண்டக்டர். "இஸ்ஸரஹாட்ட யன்ன, இஸ்ஸரஹாட்ட யன்ன" என்று முன்னுக்குப் போகச் சொல்லி ஏழு தரம் கத்தினீர்கள். ஏழாவது கொண்டக்டர் நீ. பரீட்சகர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டிருந்ததை நான் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கொண்டக்டரை ஒரு மாதம் அவதானித்ததாக எழுதிக் கொடுத்தாய். ஒரு நாள் பஸ்ஸில் வந்தாய், அவ்வளவுதான். படிவத்தில் கையெழுத்து யாருடையது? உன் மாமா மகனுடையது. எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா?

நான் இருபத்திரண்டு நாளும் வேலை செய்தேன். உன் உம்மா எந்தக் கையால் பிளேன்ரீயை ஊற்றுகிறார், எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறார், எத்தனை சொல்லுக்கு ஒருமுறை நிறுத்துகிறார், எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் அவரோடேயே இருந்த உன்னிடம் கேட்டால் சொல்லுவாயா? மாட்டாய். நீ போனைப் பார்த்துக்கொண்டு "ஆ உம்மா, வாறன் உம்மா" என்பாய்.

சரி. இதை எழுதாமல் விடலாம் என்றிருந்தேன், எழுதுகிறேன். முதல் வருடம் முழுக்க மாக்ரெட் மிஸ் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: "சுபோ, நீ வடிவா பேசுற. ஆனா மேடையில ஆளக் காணல்ல." ஒவ்வொரு தவணையும் அதையே சொன்னா. நான் ராவணனின் மனைவியானேன், மருத்துவிச்சியானேன், மரமும் ஆனேன். ஆளைக் காணவில்லை. மே 24 அன்று முதன்முதலாக மிஸ் ஒன்றும் சொல்லவில்லை. கையால் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. அந்தப் பத்து நிமிடத்தை நீ என்னிடமிருந்து பறிக்கிறாய்.

உம்மாவிடம் இன்னொரு தரம் கேள். அம்மா கோயிலில் காண்கிற எல்லோருக்கும் மகள் ரீச்சர் என்று சொல்லிவிட்டா. எனக்கு இனி வீதியில் இறங்க ஏலாது.

சுபோதினி


தெமட்டகொடை
24 ஜூன் 2025

சுபோதினி,

இது உன் படிவத்தைப் பற்றியது அல்ல. வீணாகச் சந்தோசப்படாதே.

மாக்ரெட் மிஸ் நேற்று என்னைக் கொட்டாஞ்சேனைக்கு வரச் சொன்னா. நான் வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டேனே, மறுபடி வா என்று புத்தி சொல்லப்போகிறா என்று நினைத்துப் போனேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கதவைச் சாத்திவிட்டு இதைத்தான் கேட்டா: "மகள், சுபோ மேடையில எடுத்தாளே ஒரு மூச்சு, அது உங்கம்மாட மூச்சா, இல்லாட்டி அவ சேத்ததா?"

உன் சேர்மானம்தான் என்று சொன்னேன். சிரிப்புக்காக இழுத்திருக்கிறாள், அவள் அப்படித்தான் என்றேன்.

மிஸ் தலையாட்டவில்லை. "நான் படிப்பிச்ச மூச்சு வயித்துல இருந்து வரும். அவ எடுத்தது தோள்ல இருந்து வந்திச்சி. தோள் மேல போகுது, கழுத்து இழுக்குது, வசனம் பாதியில நிக்கிது. அத நான் ஒருத்தருக்கும் சொல்லிக்குடுக்கல்ல. எங்க வீட்டுக்காரர் கடைசி வருசம் அப்பிடித்தான் கதைச்சாரு." மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தனக்கு அவருடைய ஞாபகம்தான் வந்ததாம். அம்மாவை ஒருக்கா நெஞ்சுக்கு டொக்டரிடம் காட்டு என்றா.

உம்மா நிறுத்துவது ரயிலுக்கு. கொம்பனித்தெருவில் எங்கள் பழைய வீட்டுச் சுவருக்குப் பின்னால் தண்டவாளம். ரயில் போகும்வரை வாயை மூடிக்கொண்டிருந்து, விட்ட இடத்திலிருந்து கதைப்பா. அந்த வீட்டை உடைத்து எங்களை இங்கே மாடி பிளட்டுக்கு அனுப்பினார்கள், இங்கேயும் பக்கத்தில் ரயில் யார்ட். சின்ன வயதிலிருந்து உம்மா பாதியில் நிறுத்துவா, நாங்கள் காத்திருப்போம். இதில் என்ன நோய், என்ன வருத்தம்?

கேள்வி ஒன்றுதான். அந்த மூச்சை நீ சேர்த்தாயா, இல்லையா? ஓம் அல்லது இல்லை. கலையைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் கிழித்துவிடுவேன்.

பர்ஹா


வெள்ளவத்தை
27 ஜூன் 2025

பர்ஹா,

இல்லை. நான் சேர்க்கவில்லை.

ரயிலுமில்லை. முதல் வாரம் நானும் ரயில் என்றுதான் நினைத்தேன். அதனால்தான் நோட்டில் ஒரு நிரல் போட்டேன். திகதி, நேரம், எத்தனை சொல்லுக்குப் பிறகு நிறுத்தினார், ரயில் உண்டா இல்லையா. பக்கங்களைக் கிழித்து இத்துடன் வைக்கிறேன். போட்டோ எடுத்து அனுப்பியிருப்பேன், நீ பிளாக் பண்ணியிருக்கிறாய்.

மார்ச் 4, பதினொரு சொல். ரயில் உண்டு. அதே நாள், கோப்பை கழுவும்போது, பத்துச் சொல். ரயில் இல்லை. மார்ச் 13, ஒன்பது. ரயில் இல்லை. மார்ச் 21, படியேறி வந்து, ஐந்து. ரயில் இல்லை. மார்ச் 28, சும்மா கதிரையில் இருந்துகொண்டு, ஏழு. ரயில் இல்லை. இரவில் இரண்டு தலையணை வைத்துப் படுப்பதாக ஒருமுறை சொன்னார், அதையும் எழுதியிருக்கிறேன், மேடையில் தேவைப்படும் என்று.

சொல் குறைந்துகொண்டு வந்ததைக் கண்டேன். நோன்புக் களைப்பு என்று நினைத்தேன். முழு உண்மையையும் எழுதுகிறேன், நீ என்னைப் பற்றி நினைக்கிறதுக்கு இது இன்னும் உதவும்: எனக்குச் சந்தோசமாக இருந்தது. பதினொன்றுக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். ஏழு நல்ல அளவு. ஓரத்தில் "நன்றாக வருகிறது" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அதை அழிக்கவில்லை. பார்.

உடனே கூட்டிக்கொண்டு போ.

சுபோதினி

பி.கு. முதல் அனுப்பிய படிவம் கசங்கியிருக்கலாம். புதிதாக ஒன்று வைத்திருக்கிறேன். இந்த நேரத்தில் இதை வைப்பது எவ்வளவு கேவலம் என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் வைக்கிறேன்.


தெமட்டகொடை
16 ஜூலை 2025

சுபோதினி,

இதய வால்வு. சுருங்கிப்போயிருக்கிறதாம். சின்ன வயதில் வந்த காய்ச்சலால் தொடங்கி, மெதுமெதுவாக இறுகியிருக்கிறது. நெஞ்சைத் திறந்துதான் மாற்ற வேண்டும். வேறு யாரோ ஒருவர் பின்வாங்கியதால் இம்மாதக் கடைசியில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அதற்கிடையில் குளிசை விழுங்கச் சொன்னார்கள்.

உன் பக்கங்களைக் கொண்டுபோனேன். கிளினிக்கில் டொக்டர் நோனா முதல் பக்கத்தைச் சும்மா புரட்டினா, பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திகதிகளில் விரலை ஓட்டி, மற்றதை என்னைச் சொல்லச் சொன்னா. "மேக்க கவுத லிவ்வே?" யார் எழுதினது என்று கேட்கிறா. நர்சா என்றும் கேட்டா. கூடப் படிக்கிற பிள்ளை என்றேன். மகள் யார் என்று கேட்டா. நான் என்றேன். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. சுபோ, எனக்கு அந்தக் கதிரையோடு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. "நன்றாக வருகிறது" என்று நீ அடிக்கோடு போட்ட இடத்தை நல்லவேளை அவவுக்குத் தமிழில் வாசிக்கத் தெரியாது.

நீ செய்த ஒரே நல்ல காரியம் இதுதான். அதுவும் கெட்ட எண்ணத்தோடு செய்தது. உனக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொல்லாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. ஆகவே இந்த வரியை நீ எப்படியும் வாசித்துக்கொள்.

இன்னொன்று. உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டா என்று ஜூனில் எழுதினேனே, அது பொய். நான் படிவத்தைக் காட்டவே இல்லை. உம்மா சிரிக்கப்பட்டதை உம்மாவுக்கு எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும் நானே முடிவெடுத்து, நானே அவமானப்பட்டு, நானே மறுத்தேன். ஆனால் உன் பி.கு. படிவம் பக்கங்களோடு சேர்ந்து கிளினிக் பைலுக்குள் போய்விட்டது. உம்மா எடுத்து வாசித்தா. "இதென்ன மகள், என்ட பேர் போட்ட கடதாசி?" சொல்ல வேண்டி வந்தது.

ஜனாவை வரச்சொல்லி, அன்றைக்கு மண்டபத்தில் அவன் எடுத்த வீடியோவைக் காட்டச் சொன்னா. மூன்று தரம் பார்த்தா. நான் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன். "என்ட முக்காட்ட நல்லாத்தான் போட்டீக்கிறா," என்றா. "மீன்காரன இப்பிடியா நான் கூப்பிடுற? யா அல்லாஹ், அதுதான் அவன் மேல பாக்கவே மாட்டான்." அந்த மூச்சு வந்த இடத்தில் போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தா. மூன்று தரமும்.

பிறகு படிவத்தை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளய ஒருக்கா வரச் செல்லு," என்றா.

ஞாயிற்றுக்கிழமை வா. உன்னைப் பார்க்க எனக்கு ஆசையில்லை, உம்மா சொல்கிறா, அதனால் எழுதுகிறேன்.

பர்ஹா


வெள்ளவத்தை
21 ஜூலை 2025

பர்ஹா,

நேற்று நீ எனக்கு ஒரு தரமும் முகம் தரவில்லை. சரி. கதவைத் திறந்தவள் நீதான், அதை வரவேற்பாக எடுத்துக்கொள்கிறேன்.

அன்ரி மெலிந்துவிட்டார். கொண்டுபோன திராட்சையை அவரே கழுவி எனக்குத் தந்தார். நான் இருந்தது ஒன்றரை மணி நேரம். வாசலிலேயே அவர் கேட்டது உனக்கும் கேட்டிருக்கும்: "என்ன மகள், என்ன விசயமா வந்த?" பெட்டி பெட்டியாக வசனம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தவள் நான். வெள்ளவத்தையிலிருந்து வரும் வழியெல்லாம் திரீவீலுக்குள் சொல்லிப் பார்த்தேன். வாயைத் திறந்தால் வந்தது, "சும்மா அன்ரி, பார்த்திட்டுப் போக வந்தனான்."

நெஞ்சைத் திறக்கப் போகிற மனுசியிடம் படிவத்தைப் பற்றி எப்படிக் கதைப்பது, நீயே சொல். அது நாகரிகமா? எங்கள் வீட்டில் அப்படிப் பழக்கவில்லை.

ஆனால் இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. நீ ஒரு தரம் நினைவுபடுத்து. பேனை ஒன்றை விட்டுவிட்டு வந்திருக்கிறேன், பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில். நீலப் பேனை. வேண்டுமென்றுதான் விட்டேன்.

சுபோதினி


தெமட்டகொடை
9 ஓகஸ்ட் 2025

சுபோதினி,

படிவம் 31ஆம் திகதி ஜனா கையில் பாலசுந்தரம் சேருக்குப் போய்ச் சேர்ந்தது. எந்தப் பெட்டியில் சரி போட்டிருந்தது என்று இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். கீழ்ப் பெட்டி. பர்ஹாவின் வேலை என்று வீட்டில் இருந்துகொண்டு என்னைத் திட்டியிருப்பாய். நான் இல்லை. கேள்.

29ஆம் திகதி காலை, ஒப்பரேசனுக்கு முதல் நாள், டொக்டர் வார்டுக்கு வந்தார். சின்ன வயது, தமிழ் தெரியாது, தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் மிஸ்ஸையும் கூட்டிக்கொண்டு வந்தார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்கே வெட்டுவார், எவ்வளவு நேரம், என்ன பிழைத்தால் என்ன நடக்கும், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். மிஸ் தமிழில் சொன்னா. கடைசியில் டொக்டர் கேட்டார், அம்மா, செய்யட்டுமா என்று. உம்மா ஓம் என்றா. ஒரு படிவம் தந்தார்கள், கையெழுத்து வைத்தா.

அவர்கள் போனதும் "மத்தக் கடதாசியத் தா," என்றா. தலையணைக்குக் கீழே இருந்ததை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவந்திருந்தா. உன் நீலப் பேனையும் இருந்தது. நான் சொன்னேன், சுபோ, இதை நீ நம்பத் தேவையில்லை, நான் சொன்னேன்: "உம்மா, மேல் பெட்டியில போடுங்க. அவட நோட்டாலதானே இங்க வந்து படுத்தீக்கிறீங்க." இரண்டு மாதம் உன்னைத் திட்டியவள் உனக்காகப் பேசினேன்.

உம்மா சொன்னா: "நெஞ்ச வெட்டப் போற மனிசன் எனக்கிட்டக் கேட்டுட்டு வெட்டுறாரு." அதில் நிறுத்தினா. நான் எண்ணினேன். "அந்தப் புள்ளட வாய்க்கி ஒரு வார்த்த கேக்க ஏலாமப் பெய்ட்டு. ரெண்டு தரம் வாசல்ல வச்சிக் கேட்டேன். ரெண்டு தரமும் சும்மாவாம். மார்ச்சில கேட்டீந்தா மார்ச்சிலயே குடுத்தீப்பேன். மூச்சையும் சேத்து எடுன்னு செல்லீப்பேன்."

கீழ்ப் பெட்டியில் சரி போட்டா. கையெழுத்தை மெதுவாக, முழுப் பெயராக வைத்தா.

உனக்கு இந்த வருடம் டிப்ளோமா இல்லை. வேலை வேறு யாருக்காவது போகும். எனக்குச் சந்தோசம் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். வரவில்லை. உன்னை நினைத்தால் எனக்கு இன்னும் அருவருப்பு, ஆனால் முன்னைப்போல் தனியாக உன்மேல் மட்டும் இல்லை. நீ கேட்காமல் எடுத்தாய், நான் கேட்காமல் மறுத்தேன். இருவருக்கும் நடுவில் அந்த மனிசி கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தா.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். நேற்றுத்தான் சரியாகக் கதைத்தா. இதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தப் புள்ள அடுத்த நோம்புக்கு வாரதண்டா வாசல்லயே என்னத்துக்கு வந்தண்டு செல்லிட்டு உள்ளுக்கு வரச் செல்லு."

பன்னிரண்டு சொல். ரயில் இல்லை. உன் பக்கங்களின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது, அதில் எழுதிவைத்திருக்கிறேன்.

பர்ஹா


வெள்ளவத்தை
14 ஓகஸ்ட் 2025

மதிப்புக்குரிய ஹபீலா அன்ரிக்கு,

நான் சுபோதினி. ஜூன் மாதத்திலிருந்து நான் எழுதிய கடிதம் எல்லாம் உங்களைப் பற்றியது, ஒன்றுகூட உங்களுக்கு எழுதியது இல்லை.

மார்ச் மாதம் நான் சும்மா வரவில்லை. உங்களைப் பார்த்துப் பழகி, உங்களைப்போல மேடையில் நடித்து, புள்ளி வாங்க வந்தேன். ஜூலையில் வந்ததும் கையெழுத்துக்குத்தான். இரண்டு முறையும் நீங்கள் கேட்டீர்கள், இரண்டு முறையும் நான் பொய் சொன்னேன். பேச்சும் நாடகமும் படித்தவளின் லட்சணம் இது.

சேர் எனக்கு இன்னொரு வருடம் தந்திருக்கிறார். வேறு ஆளைப் பிடி என்கிறார். ஜனா கொண்டக்டர் செய்யச் சொல்கிறான். எனக்கு வேறு யாரையும் செய்ய விருப்பமில்லை.

வரும் நோன்பு மாசியில் வருகிறதாம். உங்களை நடித்துக் காட்டுவதற்காக, உங்களை அவதானிக்க, போனும் நோட்டும் மேசைக்கு மேலே வைத்துக்கொண்டு, நான் உங்கள் வீட்டுக்கு வரலாமா? பழைய மூச்சு இனி உங்களிடம் இல்லை என்று தெரியும். சிரிக்க வைக்க ஒன்றும் கிடைக்காமல் போகலாம்.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். பதிலை நீங்களே எழுதுங்கள், பர்ஹாவிடம் சொல்லி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
சுபோதினி